பி.காம். படிக்கிறவளுக்கு எதுக்கு சுற்றுச்சூழல் அறிவியல்?

பனங்கிழங்கு | ஏப்ரல் 9, இரவு 10.12

எல்லாருக்கும் வணக்கம். நாகர்கோவில்ல பி.காம். முதல் வருஷம் படிக்கிறேன். வீடு ராஜாக்கமங்கலம் பக்கம். அடுத்த வாரம் சுற்றுச்சூழல் பேப்பர் பரிட்சை. நோட்ஸ்ல முதல் கேள்வி: "சுற்றுச்சூழல் அறிவியல் என்றால் என்ன? அதன் முக்கியத்துவத்தை விவரி." பதில் "நம்மைச் சுற்றியுள்ள உயிருள்ள, உயிரற்ற அனைத்தும்"னு ஆரம்பிச்சு ரெண்டு பக்கம் போகுது. மூணு தடவ படிச்சும் மண்டையில ஒண்ணும் நிக்கல. சுத்தி இருக்கிற எல்லாம்னா எதைப் படிக்க, எதை விட? டெபிட் கிரெடிட் படிக்கிற எனக்கு இது எதுக்குன்னாவது யாராவது சொல்லுங்க. அது புரிஞ்சா மனப்பாடம் பண்ணவாவது மனசு வரும்.

முப்பந்தல்காத்து | ஏப்ரல் 9, இரவு 10.31

ஜூன் 5ஆம் தேதி மரம் நடுவாங்க, போட்டோ எடுப்பாங்க, ஆடு தின்னும். அதைப் பத்தின படிப்பு. பாஸ் மார்க் போதும், விட்டுத் தள்ளு தங்கச்சி.

கும்பப்பூ | ஏப்ரல் 9, இரவு 10.50

வே முப்பந்தல், நம்ம ஊருல ஜூன் 5ல நட்ட கன்னு பிழைச்சுக்கிடும். இடவப்பாதி மழை, அதான் தென்மேற்குப் பருவமழை, அந்த வாரம் பாத்துத்தான் எறங்கும். மத்த ஜில்லாக்காரன்தான் பாவம், மழையே இல்லாத மாசத்துல நட்டுட்டு ஆகஸ்டுல குச்சியப் புடுங்கிட்டு இருப்பான். ஒரே தேதி, ஒரே கன்னு, ஊரு மாறினா கணக்கு மாறுது. இதுவும் அந்தப் படிப்புலதான வரும்? ஆட்டுக்கு நான் பொறுப்பில்ல.

வேதியியல் டீச்சர் | ஏப்ரல் 10, காலை 6.05

மக்களே, நோட்ஸ் எழுதினவரைத் திட்டாதே. ஓய்வு பெறும் வரைக்கும் நானும் அதே வரையறையைத்தான் போர்டில் எழுதினேன்.

முதலில் உன் இரண்டாவது கேள்வி. எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் தொடுத்த பொதுநல வழக்கில் 1991ல் உச்ச நீதிமன்றம், பள்ளி முதல் கல்லூரி வரை சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. அது வகுப்பறைக்கு வந்து சேரப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. பிறகு பல்கலைக்கழக மானியக் குழு எல்லா இளநிலைப் பட்டத்துக்கும் பொதுவாக ஒரு பாடத்திட்டம் தந்தது. பி.காம். படிக்கும் உன் கையில் இந்தப் புத்தகம் வந்த வழி அது.

இனி முதல் கேள்வி. சூழலியல் வேறு, சுற்றுச்சூழல் அறிவியல் வேறு. 1866ல் ஜெர்மானியர் ஹெக்கல் 'எக்காலஜி' என்ற சொல்லை உண்டாக்கினார். கிரேக்கத்தில் 'ஓய்கோஸ்' என்றால் வீடு. உன் பொருளியலுக்கும், அதாவது எகனாமிக்ஸுக்கும், அதே வீடுதான் வேர்ச்சொல். ஒன்று வீட்டில் யார் யாரோடு எப்படி வாழ்கிறார்கள் என்று பார்க்கிறது, மற்றது வீட்டுச் செலவைப் பார்க்கிறது. சுற்றுச்சூழல் அறிவியல் இன்னும் அகலமானது. அதற்கென்று தனி ஆயுதம் கிடையாது. வேதியியல், மண்ணியல், உயிரியல், வானிலை, சட்டம், பொருளாதாரம் எல்லாவற்றிலும் கடன் வாங்கும். கேள்விதான் அதனுடைய சொத்து: இது எங்கிருந்து வந்தது? இங்கிருந்து எங்கே போகிறது?

உன் பாஷையில் சொன்னால் இரட்டைப் பதிவு. எந்தப் பொருளும் காணாமல் போவதில்லை. வீட்டுப் பின்னால் சருகோடு சேர்த்துப் பிளாஸ்டிக் கவரைக் கொளுத்துகிறோம். முற்றம் சுத்தம், முற்றக் கணக்கில் வரவு. அதே தொகை காற்றுக் கணக்கில் பற்று விழுந்திருக்கும். அந்தப் பக்கத்தை நாம் எழுதுவதில்லை, அவ்வளவுதான்.

ஒட்டுப்பால் | ஏப்ரல் 10, காலை 11.20

டீச்சர் சொன்னது கொள்ளாம். ஆனா இந்தப் படிப்பு படிச்சவங்க எங்க குலசேகரம் பக்கம் வந்தா ரப்பர் மரத்தைப் பாத்து மொகம் சுளிக்காங்க. ரப்பரும் மரம்தானே? பச்சையாத்தானே நிக்கிது? எனக்க தோட்டத்துல விடியுமுன்ன எந்திச்சு பால் வெட்டுகது நானாக்கும். அதை வித்துத்தான் எனக்க ரெண்டு பிள்ளையளும் படிச்சது.

நிலத்தடி | ஏப்ரல் 10, மதியம் 1.45

அண்ணே, ஊரு மார்த்தாண்டம், இப்போ சென்னையில நிலத்தடி நீர் வேலை. எங்க தாத்தாவும் பால் வெட்டினவர்தான், அதனால கோவிக்காம கேளுங்க.

ரப்பர் மரம்தான். கரியமில வாயுவை இழுத்து வைக்கும், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனா காட்டுல ஒரு ஏக்கருக்குள்ள உசரமா ஒரு அடுக்கு, அதுக்குக் கீழ ஒண்ணு, புதர், கொடி, தரையில விதவிதமான சருகுன்னு இருக்கும். மழை அத்தனையிலும் தட்டித் தட்டி, வேகம் போய்த்தான் மண்ணுக்கு வரும். தோட்டத்துல ஒரே வயசு, ஒரே உசரம். இலை உதிர்ற காலத்துல எல்லாம் சேந்து மொட்டையா நிக்கும். அதான் மூடுபயிர் விடச் சொல்றது. 2017 ஒக்கி புயல் நினைவிருக்கா? நவம்பர் 30 அன்னைக்கு எத்தனை தோட்டம் ஒடிஞ்சு கிடந்தது! ஒரே மாதிரி மரம் ஒரே மாதிரி ஒடியும்.

இன்னொண்ணு, ரப்பர் ஷீட் அடிக்கிற தண்ணி. பாலை உறைய வைக்க ஆசிட் விட்டு, ஷீட்டை எடுத்த பிறகு மிஞ்சுற தண்ணியில புரதமும் சர்க்கரையும் கிடக்கும். அதை ஓடையில விட்டா பாக்டீரியாவுக்குக் கல்யாணச் சாப்பாடு. தின்னுற அவசரத்துல தண்ணியில கரைஞ்சிருக்கிற ஆக்சிஜனை எல்லாம் அதுவே எடுத்துக்கும். மீன் மூச்சு முட்டிச் சாகும். தங்கச்சி நோட்ஸ்ல 'பி.ஓ.டி.' ன்னு மூணு எழுத்து இருக்குமே, அது வேற ஒண்ணுமில்ல, அந்தச் சாப்பாட்டுக்கு எவ்வளவு ஆக்சிஜன் செலவாகும்ங்கிற அளவு. விஷமே கலக்காம ஒரு ஓடையைக் கொல்லலாம்.

ஒட்டுப்பால் | ஏப்ரல் 10, மதியம் 2.30

அந்த நாத்தம் அதுதானா! வெள்ளம் கருத்து, முட்டை அழுகின மாதிரி. நாங்க ஆசிட்டுக்க நாத்தம்னு நெனச்சோம். இப்ப ஒரு குழி வெட்டி அதுல விட்டா?

நிலத்தடி | ஏப்ரல் 10, மதியம் 2.41

ஓடையில விடுறதுக்கு அது எவ்வளவோ மேல். கிணத்துக்குப் பக்கத்துல மட்டும் வெட்டிராதீங்க.

கும்பப்பூ | ஏப்ரல் 10, மதியம் 3.10

ஒட்டுப்பால் அண்ணாச்சி 'வெள்ளம்'னு சொன்னதும் நான் ஆத்துல வெள்ளம் வந்துட்டுன்னு நெனச்சேன். தோவாளைக்காரனுக்குத் தண்ணின்னு எழுதும்.

ஒட்டுப்பால் | ஏப்ரல் 10, மதியம் 3.14

குடிக்கதும் வெள்ளம்தான், முக்குகதும் வெள்ளம்தான். நீங்க பழகுங்க.

கரமடி | ஏப்ரல் 11, இரவு 8.20

கடல்ல கெடந்ததுனால இப்பத்தான் வாசிச்சேன். குளச்சல் பக்கம் நமக்கு.

பிள்ளே, ஒனக்கு இந்தப் படிப்பு எதுக்குன்னு கேட்டியே, நான் ஒரு வார்த்தை சொல்லுதேன்: கள்ளக்கடல். காத்து இருக்காது, மழை இருக்காது, வானம் வெளுத்துக் கெடக்கும். கடல் மட்டும் கள்ளன் கணக்கா வீட்டுக்குள்ள ஏறும். எங்க அப்பன் காலத்துல அதைத் தெய்வக்குத்தம்ம்பாவ. இப்ப என்ன சொல்லுதாவன்னா, தெக்க பல்லாயிரம் மைல் தள்ளி, இந்துமாக்கடலுக்க அடிக்கோடியில அடிச்ச புயல்ல எழும்பின அலை, நாள்கணக்கா ஓடி வந்து நம்ம கரையில மோதுதாம். இங்க வானத்தைப் பாத்து ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. ஹைதராபாத்துல இருக்கிற கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை போடுது. 2012ல யுனெஸ்கோவே இந்தப் பேரை அப்படியே ஏத்துக்கிட்டு. நம்ம கரைக்காரன் வாயில பொறந்த சொல்லு அது, மலையாளத்தானும் நாமளும் சேந்து சொன்னது.

2024 மே மாசம் லெமூர் கடற்கரையில அஞ்சு மருத்துவப் படிப்புப் பிள்ளைய போச்சே. அன்னைக்கும் எச்சரிக்கை இருந்தது. வெளியூர்ப் பிள்ளைய, அதுவளுக்கு அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரிஞ்சிருக்குமா? நீ இருக்கது அந்தக் கடற்கரைக்குப் பக்கம்தான. பி.காம். காரிக்கு எதுக்குன்னு இனிமே கேக்காத.

முப்பந்தல்காத்து | ஏப்ரல் 11, இரவு 8.55

அண்ணே, அது எனக்குத் தெரியாது. முதல்ல போட்ட கிண்டலைத் திரும்ப எடுத்துக்கிறேன். கொஞ்சமா.

ஆனா ஒரு கேள்வி. எச்சரிக்கை குடுக்கிறது வானிலைக்காரன் வேலை. சுற்றுச்சூழல்னு பேசுறவன் எல்லாம் எதைக் கட்டப் போனாலும் கூடாதுன்னு சொல்றவனா இருக்கான். துறைமுகம் கூடாது, குவாரி கூடாது, மணல் எடுக்கக் கூடாது. நாங்க காத்தாலைக்காரங்க, ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காத்தை வச்சு கரி எரிக்காம கரண்ட் எடுக்கிறோம். எங்களையும் பறவை அடிபடுதுன்னு சொல்றான். அப்ப என்னதான் பண்ண?

வேதியியல் டீச்சர் | ஏப்ரல் 12, காலை 6.30

தம்பி, அறிவியலையும் இயக்கத்தையும் ஒன்றாகக் குழைக்கிறாய். "கட்டாதே" என்று சொல்வது அரசியல், அறம், சில நேரம் வயிற்றுப்பாடு. அறிவியலின் வேலை விலைப்பட்டியல் போடுவது. வாங்குவதா வேண்டாமா என்று ஊர் தீர்மானிக்கட்டும். ஆனால் பட்டியலில் ஒரு வரி விடுபட்டிருந்தால் அது கணக்கில்லை, மோசடி.

நம் மணலையே எடுத்துக்கொள். 1909ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டார். அதிலுள்ள தோரியம் அன்றைக்குக் கேஸ் விளக்கில் ஒளிரும் வலைக்கு, அதாவது மேண்டிலுக்கு, வேண்டியிருந்தது. மணவாளக்குறிச்சி என்ற ஊரின் பெயர் அப்படித்தான் கடல் தாண்டியது. தோரியம் இருப்பதால் நம் கறுத்த மணலில் இயற்கையாகவே கதிர்வீச்சு அதிகம். கேட்டவுடன் "அதனால்தான் எல்லோருக்கும் புற்றுநோய்" என்று ஒரு கூட்டம் சொல்லும். கேரளத்தில் இதே மாதிரி மணல் உள்ள கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்து 2009ல் வெளியிட்ட ஆய்வில், அந்த இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. பயமுறுத்துகிறவருக்கு இது பிடிக்காது.

"பார்த்தீர்களா, அப்படியானால் தோண்டலாம்" என்று அடுத்த கூட்டம் குதிக்கும். அவர்களுக்கும் இது உதவாது. தோண்டுவது வேறு கேள்வி. மணல்மேட்டை எடுத்தால் அலையைத் தடுக்க அங்கே என்ன இருக்கும்? மேட்டுக்கு அடியில் தங்கும் நல்ல தண்ணீர் எங்கே போகும்? பிரித்த மணலின் தூசி யார் மூச்சுக்குள் போகும்? ஒரு கேள்விக்குக் கிடைத்த பதிலை வேறு கேள்விக்குச் செலவழிக்கக் கூடாது. பரிட்சையில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்.

கரமடி | ஏப்ரல் 12, காலை 9.15

துறைமுகத்துக்கும் அதே கதைதான் தம்பி. கடல்ல மணல் சும்மா கெடக்கல்ல, நீவாட்டோட, அதான் கடல் நீரோட்டத்தோட, கரையோரமா நடந்துக்கிட்டே இருக்கும். நடுவுல கல்லைக் கொட்டி நீட்டினா ஒரு பக்கம் மணல் மேடு தட்டும், மறு பக்கத்து ஊரைக் கடல் திங்கும். அந்த ஊர்க்காரன் 'எங்களுக்கும் கல்லு கொட்டித் தூண்டில் வளைவு போடு'ம்பான். போட்டா அதுக்கு அடுத்த ஊரு. நான் துறைமுகம் வேண்டாம்னு சொல்லல்ல, வள்ளம் கட்ட எடம் வேணுமே. தேங்காய்பட்டணத்துல முகத்துவாரத்துல மணல் அடைச்சு எத்தன வள்ளம் கவுந்து எத்தன பேரு போனாவன்னு இந்தக் கரையில எல்லாருக்கும் தெரியும். மணலுக்க நடையைப் படிச்சிட்டுக் கல்லு போடணும்ங்கேன்.

இன்னொண்ணு. தமிழ்நாட்டுல ரெண்டு மீன்பிடித் தடைக்காலம் உள்ள ஜில்லா நம்மது. சின்னமுட்டத்துல ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரை விசைப்படகு போகாது. குளச்சல், முட்டம், தேங்காய்பட்டணத்துல ஜூன் 1ல இருந்து ஜூலை 31. ரெண்டும் 61 நாள். இடையில உள்ளது ஒரு பஸ் ஓட்டம். சர்க்கார் ஆபீஸ்ல ஆரோ குழம்பிப்போய் எழுதினதுன்னு நெனப்பாவ, அப்படியில்ல. நம்மகிட்ட ரெண்டு கடல் இருக்கு, ரெண்டுக்கும் வேற வேற மழைக்காலம்.

பனங்கிழங்கு | ஏப்ரல் 12, இரவு 9.40

எல்லாருக்கும் நன்றி. டீச்சர், இரட்டைப் பதிவுன்னு சொன்னதும் கொஞ்சம் பிடி கிடைச்ச மாதிரி இருக்கு.

சொல்லலாமா வேண்டாமான்னு இருந்தேன், சொல்லிடுறேன். எங்க வீட்டுக் கிணத்துத் தண்ணி ரெண்டு மூணு வருஷமா உப்புக் கரிக்குது. அம்மா சோறு பொங்க மட்டும் குடத்துத் தண்ணி வாங்குறாங்க. கடல் பக்கம்னா அப்படித்தான்னு அப்பா சொல்றார். ஆனா ஆச்சி கல்யாணம் ஆகி வந்தப்ப இதே கிணத்துலதான் தெருவே குடிச்சுதாம். கடல் அன்னைக்கும் அங்கதான இருந்துச்சு? இதுவும் இந்தப் பாடத்துல வருமா?

நிலத்தடி | ஏப்ரல் 12, இரவு 10.25

இதுதான் பாடமே! "கடல் அன்னைக்கும் அங்கதான இருந்துச்சு"ன்னு கேட்டியே, அதுக்கே பத்து மார்க்.

கடலோர மணலுக்கு அடியில நல்ல தண்ணியும் கடல் தண்ணியும் சுவர் வச்சுப் பிரிச்ச மாதிரி இருக்காது. உப்புத் தண்ணி கனம் கூடினது, நல்ல தண்ணி லேசானது. அதனால நல்ல தண்ணி மேல மிதக்கும், கஞ்சி மேல நெய் மாதிரி. கைபன், ஹெர்ட்ஸ்பெர்க்னு ரெண்டு பேர் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே இதுக்குக் கணக்கு போட்டாங்க. கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நின்னா, கடல் மட்டத்துக்குக் கீழ 40 அடி வரை நல்ல தண்ணி இருக்கும்.

இப்ப அதைத் திருப்பிப் போடு. மோட்டார் போட்டு மேல ஒரு அடி குறைச்சா, உப்பு எல்லை கீழ இருந்து 40 அடி ஏறப் பாக்கும். ஒரே இடத்துல வேகமா இழுத்தா அந்த இடத்துக்கு நேர் கீழ உப்பு கூம்பு மாதிரி எழும்பும். மண்ணு களியா பாறையாங்கிறதைப் பொறுத்துக் கணக்கு மாறும், ஆனா போக்கு இதான். கடல் நகர வேண்டாம். மேல இருக்கிற நம்ம பாரம் குறைஞ்சா போதும்.

கும்பப்பூ | ஏப்ரல் 13, காலை 7.00

அப்ப வரவு எங்கேருந்து வருதுன்னு நான் சொல்லுகேன். மழை, அப்புறம் கொளம். நாஞ்சில் நாட்டுல கொளத்துக்குக் கீழ இருக்கிற கெணறு கோடையிலயும் வத்தாது. 1906ல பேச்சிப்பாறை அணை வந்து, புத்தனாறு, அனந்தனாறு, தோவாளைச் சானல்னு தண்ணி கொளங்கொளமா ஏறி எறங்கித்தான் கன்னிப்பூவும் கும்பப்பூவும் வெளைஞ்சுது. ரெண்டு போகமும் வயல்ல நின்ன தண்ணி சும்மா நிக்கல, மண்ணுக்குள்ள எறங்கிச்சு. எங்க அய்யாவுக்கு அது தெரியாது, அவரு நெல்லுக்குத்தான் தண்ணி விட்டாரு. கீழ கடலோரத்துல இருக்கிறவன் கெணத்துக்கும் சேத்துத்தான் பாய்ச்சியிருக்காருன்னு இப்பத்தான் எனக்கே படுகு.

இப்ப வயல் வாழையாச்சு, வாழை தென்னையாச்சு, தென்னை பிளாட்டாச்சு. பிளாட்டுல முத்தம் பூரா சிமெண்ட்டு. நானும் ஒரு வயலை வித்தவன்தான், மறைக்கல. மக கல்யாணம்.

மக்ளே, ஒங்க ஊருக்கு மேக்கயோ வடக்கயோ கொளம் உண்டா?

பனங்கிழங்கு | ஏப்ரல் 13, காலை 7.42

ஒரு குளம் இருக்கு மாமா. பாதிக்கு மேல மண் அடிச்சு மனையாச்சு. மிச்சத்துல ஆகாயத்தாமரை.

வேதியியல் டீச்சர் | ஏப்ரல் 13, காலை 8.15

ஊகத்தை இங்கே நிறுத்துவோம், இனி அளவு. தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த மீட்டர் மின்சாரம் கடத்துவதை வைத்து மொத்தக் கரைசலைத்தான் சொல்லும். கடல் உப்பா, சுண்ணாம்புக் கடினமா என்று அதற்குத் தெரியாது. ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்தால் வெள்ளி நைட்ரேட் விட்டுக் குளோரைடு எவ்வளவு என்று பார்த்துத் தருகிறேன். அதற்கு எல்லை 250, வேறு வழியில்லாதபோது 1000.

ஒரே கிணறு போதாது. கடலிலிருந்து வெவ்வேறு தூரத்தில் ஆறு கிணறு எடு. ஒரே நாளில், காலையில் மோட்டார் போடும் முன்பும் சாயங்காலமும். நேரம் எழுதாத அளவு தேதி போடாத வவுச்சர் மாதிரி.

பனங்கிழங்கு | ஏப்ரல் 13, காலை 8.20

பரிட்சை முடியட்டும் டீச்சர்.

பனங்கிழங்கு | மே 18, இரவு 9.05

பரிட்சை எழுதியாச்சு. வரையறையை நோட்ஸ்ல இருந்தபடியே எழுதிட்டேன், மன்னிச்சுக்கோங்க. முக்கியத்துவத்துக்குக் கள்ளக்கடலும் பி.ஓ.டி.யும் எழுதினேன். திருத்துறவங்க எந்த ஊரோ.

நாலு வாரமா ஆறு கிணறு அளந்தேன். முதல் வாரம் தெருவுல எல்லாரும் சிரிச்சாங்க. ரெண்டாவது வாரம் "எங்க வீட்டுக் கிணத்தையும் பாரு"ன்னு வந்தாங்க.

கடலுக்குப் பக்கமா போகப் போக உப்பு கூடும்னு நெனச்சேன். அப்படி இல்ல! கடலுக்கு ரொம்பக் கிட்ட, மணல்மேட்டுக்கு அடியில இருக்கிற பழைய கிணறு 500க்கு உள்ளேயே நிக்குது. எங்க வீட்டுக் கிணறு 500ஐத் தாண்டிடுச்சு. எல்லாத்தையும் விட மோசம் கடல்ல இருந்து தள்ளி இருக்கிற ஒரு தோப்புக்குப் பக்கத்துக் கிணறு, 2000ஐத் தொடப் போகுது. அந்தத் தோப்புல ஆழ்துளைக் கிணறு போட்டு லாரியில தண்ணி ஏத்துறாங்க. சாயங்காலம் லாரி போன பிறகு அளந்தா காலையை விடக் கூடுது. எங்க வீட்டுக்கும் அந்தத் தோப்புக்கும் நடுவுல ரெண்டு வீடுதான்.

டீச்சர் பாத்ததுல ரெண்டு கிணத்துலயும் குளோரைடுதான் அதிகம். சுண்ணாம்பு இல்ல.

என் கணக்குப்படி: வரவுல மழை இருக்கு, குளம் பாதி போச்சு, வயல் போச்சு. பற்றுல வீட்டு மோட்டார், தோப்பு லாரி. மணல்மேட்டுக் கிணத்துக்கு மட்டும் பற்று கம்மி, வாளிதான் போடுறாங்க.

முப்பந்தல்காத்து | மே 18, இரவு 9.20

தங்கச்சி, எங்க டர்பைன் ரீடிங்கை விட ஒழுங்கா இருக்கு. ஆனா லாரிக்காரன் மேல நேரா பழி போடாத. அந்த லாரித் தண்ணியைக் குடிக்கிறவங்களும் நம்ம ஆளுங்கதான். உங்க அம்மா வாங்குற குடம் எங்கேருந்து வருதுன்னு கேட்டியா?

பனங்கிழங்கு | மே 18, இரவு 9.58

இப்பத்தான் கேட்டேன் அண்ணா. அந்தத் தோப்புலேருந்துதான். ஆழத்துல இன்னும் நல்ல தண்ணி வருதாம்.

ஒட்டுப்பால் | மே 18, இரவு 10.02

எனக்க பகவதியே.

நிலத்தடி | மே 19, காலை 10.30

நல்லா பண்ணியிருக்க. இப்ப உன் வேலையைக் கெடுக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்குறேன், அதுவும் இந்தத் தொழில்தான்.

அந்தத் தோப்பு இருக்கிற இடம் முன்னால உப்பளமோ காயலோ? பழைய உப்பு களிமண்ணுல மாட்டிக்கிட்டு இருந்தாலும் இதே அளவு காட்டும். 2004 சுனாமித் தண்ணி அந்தக் கிணத்துல ஏறிச்சா? ஏறியிருந்தா இத்தனை மழைக்குக் கழுவிப் போயிருக்கணும், ஆனா கேட்டு எழுதி வை. ஆறு கிணத்தோட ஆழமும் ஒண்ணா? ஆழமான கிணறு உப்பைச் சீக்கிரம் தொடும். கடைசியா, லாரி ஓடாத நாள் ஒண்ணு ரெண்டு கிடைச்சா அன்னைக்குக் காலையும் சாயங்காலமும் அள. அன்னைக்கும் சாயங்காலம் கூடினா லாரி காரணமில்ல.

கோடை அளவு மட்டும் வச்சு முடிவு கட்டாத. மழைக்குப் பிறகு எந்தக் கிணத்துல உப்பு முதல்ல இறங்குதுன்னு பாரு.

கும்பப்பூ | மே 19, காலை 11.15

கொளத்தையும் அளங்க வே. பழைய வரைபடம் தாலுகா ஆபீஸ்ல இருக்கும், கேட்டா குடுக்கணும். சுசீந்திரம், தேரூர்க் கொளத்தையும் வேம்பனூரையும் 2022ல ராம்சார் பட்டியல்ல சேத்தாவ, உலகம் பூரா மதிக்கிற நீர்நிலைன்னு. நாரை வருதுன்னு போர்டு வச்சிருக்கு. இந்தப் பிள்ளைக்க ஊர்க் கொளத்துக்கு நாரை வரல்ல, அதனால போர்டும் வரல்ல. கெணத்துக்கு அது செய்த வேலையை ஆரும் எழுதி வைக்கல்ல.

நெறியாளர் | மே 19, மாலை 4.00

இழை நீண்டுவிட்டதால் 'கல்வி' பகுதியிலிருந்து 'ஊர் விஷயம்' பகுதிக்கு மாற்றியிருக்கிறேன். யாருடைய தோப்பு, எந்த லாரி என்று பெயரோ வண்டி எண்ணோ போட வேண்டாம். ஏற்கனவே போட்ட ஒரு பதிலை நீக்கியிருக்கிறேன்.

பனங்கிழங்கு | ஜூன் 14, காலை 7.25

மழை தொடங்கிடுச்சு. நேத்தும் இன்னைக்கும் அளந்தேன். மணல்மேட்டுக் கிணத்துல உப்பு நல்லாவே இறங்கியிருக்கு. எங்க வீட்டுக் கிணத்துல கொஞ்சம். தோப்புப் பக்கத்துக் கிணத்துல அசையவே இல்ல. ஆச்சிகிட்ட கேட்டேன், அந்த இடத்துல உப்பளம் எல்லாம் இருந்ததில்லையாம், தாழம்புதர்தான் இருந்துச்சாம். சுனாமித் தண்ணி அது வரைக்கும் வரல. லாரி ஓடாத நாள் இன்னும் அமையல. மழையிலயும் ஓடுது.

ஆறு கிணறு பத்தலைன்னு தோணுது. வேற கரையில ஒண்ணு இருந்தா ஒப்பிட்டுப் பாக்கலாம். கரமடி மாமா, தடைக்காலத்துல வீட்டுலதான இருப்பீங்க? உங்க கிணத்தையும் சேத்துக்கலாமா?

கரமடி | ஜூன் 14, காலை 8.10

எனக்கு வள்ளம்தான், தடை விசைப்படகுக்காக்கும். ஆனா கடல் கெடக்க கெடையைப் பாத்தா இந்த வாரம் போவ முடியாது. வா பிள்ளே. மீட்டருக்கு பேட்டரி கொண்டு வா. கெணத்தடியில நாய் கெடக்கும், வாசல்லயே நின்னு கூப்பிடு.